கொச்சிக் கோட்டை வேதக்கோயிலும் என் மச்சானும்

கடலை முதன்முதலாகப் பார்த்ததும் என் மச்சான் கூடலிங்கம் கேட்ட கேள்வி, "இதுக்கு அக்கரை எங்கன இருக்கு?" என்பதுதான். அரபு தேசத்தில் இருக்கிறது என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அக்கரை தெரியாத தண்ணியில கால் வைக்கக்கூடாது மச்சான்" என்று சொல்லிவிட்டு, அலை வந்து தொடாத தூரமாகப் பார்த்துத் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் தங்கச்சியும் என் மகளும் முழங்கால் நனைய நின்று கூப்பிட்டோம். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை.

நாங்கள் கொச்சிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. என் மகள் எஸ்தரின் கல்யாணத்துக்காகப் போனோம்.

எனக்குத் தேனி பஜாரில் ஏலக்காய் மண்டி. என் தகப்பனார் காலத்திலேயே எங்கள் வீடு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டது. அதற்காகச் சொந்தபந்தம் விட்டுப்போகவில்லை. நான் பெண் கட்டியதே ஜெயமங்கலத்து முறைப்பெண்ணைத்தான். பாக்கியம் என்னோடு ஞாயிற்றுக்கிழமை அல்லிநகரத்து வேதக்கோயிலுக்கு வந்துவிடுவாள். அவள் அண்ணன் கூடலிங்கம் ஜெயமங்கலத்தில் வயலும் கமலைக் கிணறும் மாடும் குலசாமியுமாக இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்று அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க எந்தச் சாமியையும் கும்பிட்டுக்கங்க. நாளைக்கு ஒரு பொம்பளப்பிள்ளை பொறந்தா, அதைக் கைபிடிச்சுக் கூட்டியாந்து மாப்பிள்ளை கையில குடுக்கறது தாய்மாமன் நானாத்தான் இருக்கணும்." அதற்கென்ன, தாராளமாக என்று நானும் சொல்லிவிட்டேன். அப்புறம் எஸ்தர் பிறந்தாள். அந்தப் பேர் அவர் வாயில் நுழையவில்லை. நுழைக்கவும் அவர் முயலவில்லை. தொட்டில் நாளிலிருந்து அவருக்கு அவள் 'ஆத்தா'தான்.

மாப்பிள்ளை சாமுவேல் போடிக்காரப் பிள்ளை. கொச்சிக் கோட்டையில் கயிறு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கப்பலில் சரக்கு ஏற்றும் சமயம், ஊருக்கு வந்துபோக லீவு கிடையாது என்று துரை கையை விரித்துவிட்டார். அதனால் சாமுவேலே அங்கே உள்ள பழைய வேதக்கோயிலில் நாள் குறித்து, கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி, தமிழ் தெரிந்த பாதிரியார் ஒருவரையும் பிடித்துவிட்டார். "பொண்ணு வீட்டையே தூக்கிக்கிட்டு மாப்பிள்ளை ஊருக்குப் போறதா" என்று மச்சான் முறுக்கிக்கொண்டார். ஆத்தா கண்ணைக் கசக்கினதும் இறங்கி வந்தார். எங்கள் வீட்டில் இது வழக்கமாக நடப்பதுதான்.

பயணத்தில் முதல் வம்பு மலை உச்சியில், திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கையில் வந்தது. மச்சானின் மடியில் ஒரு கட்டுப் புகையிலை இருந்தது. வரி கட்டாமல் சமஸ்தானத்துக்குள் கொண்டுபோகக்கூடாது என்று சவுக்கைக்காரர் மலையாளத்தில் சொன்னார். ஏலக்காய் வியாபாரத்தில் எனக்கு அந்தப் பாஷை பழக்கம் என்பதால் நான் எடுத்துச் சொன்னேன்.

"என் வாயில நான் போடுறதுக்கு ஒங்க மகாராசாவுக்கு எதுக்குய்யா வரி?" என்று மச்சான் கேட்டார்.

சட்டம் அப்படி என்றார் சவுக்கைக்காரர். மச்சான் யோசித்தார். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாக வந்து நின்று, கட்டைப் பிரித்து, பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. கடைசித் துண்டை அந்தச் சவுக்கைக்காரருக்கே நீட்டினார். அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பஸ் முழுக்கப் புகையிலை மென்றுகொண்டு சமஸ்தானத்துக்குள் நுழைந்தோம்.

இறக்கத்தில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, மண்ணெண்ணெய் டின்னில் ஓடைத் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினார். "மாடு நுரை தள்ளினா நுகத்தடியைக் கழட்டி நெழல்ல கட்டுவோம். இதுக்கு மட்டும் தண்ணியை ஊத்தி உடனே ஓட்டுறாகளே, பாவமில்லையா" என்று மச்சான் டிரைவரிடம் நியாயம் கேட்டார். டிரைவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

மலை இறங்கியதும் ஊர் வேறு, மண் வேறு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்காக வாய்க்கால் தலைப்பில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே என்னவென்றால் வீட்டுக்கு முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர், கடைக்குப் போக ஒரு வள்ளம், பக்கத்து வீட்டுக்குப் போக இன்னொரு வள்ளம். மச்சானுக்கு இது தாங்கவில்லை. "இம்புட்டையும் சும்மா வச்சிருக்காகளே, இதுல பாதி ஜெயமங்கலத்துக்கு வந்தா மூணு போகம் எடுப்பேனே" என்று வழியெல்லாம் புலம்பினார்.

மோட்டார் போட்டில் அவர் நடுக்கம்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வராக நதியில் முழங்கால் அளவு தண்ணீரில் குளித்து வளர்ந்த மனுஷர், நீச்சல் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்பிள்ளை வாத்துக் கூடை ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். நடுவழியில் போட் சேற்றில் தட்டி நின்றது. எல்லாரும் ஒரு பக்கமாக வாருங்கள் என்றார்கள். எல்லாரும் போனோம். மச்சான் மட்டும் கம்பத்தையும் விடவில்லை, கூடையையும் விடவில்லை. "என்னைய விடுங்க, வாத்துக வேணா போகட்டும்" என்றார். அவரையும் வாத்துகளையும் அப்படியே விட்டுவிட்டு நாங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் போட் கிளம்பிவிட்டது.

கொச்சிக் கோட்டை என்று பேர் பெரிதாக இருக்கிறதே ஒழிய, ஊர் கையளவுதான். கடைத்தெருவில் வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தால், வாய் சிவக்குமுன் ஊர் முடிந்து கடல் வந்துவிடும். இந்தக் கையளவு ஊருக்கு ஒரு முனிசிபாலிட்டி. தெருவிளக்குத் தனி, குப்பை வண்டி தனி. சுற்றிலும் கொச்சி மகாராஜா சீமை, நடுவில் இது மட்டும் வெள்ளைக்காரர் ராஜ்யம். ஒரு தெருமுனையில் நின்றால் ஒரு காலை அந்த ராஜ்யத்திலும் ஒரு காலை இந்த ராஜ்யத்திலும் வைக்கலாம் என்று சாமுவேல் காட்டினார். மச்சான் அப்படியே வைத்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே சூடாத்தான இருக்கு" என்றார்.

சாப்பாட்டில் எனக்குக் குறையில்லை, அவருக்கு எல்லாம் குறை. ஓட்டலில் சிவப்புச் சோறு போட்டார்கள். ஒவ்வொரு பருக்கையும் ஆமணக்கு விதை கணக்காக இருக்கிறது என்றார். குடிக்க ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் சுடச்சுட வந்தது. "கை கழுவவா?" என்று கேட்டார். மீன் குழம்பில் புளிக்குப் பதில் கறுப்பாக ஒரு காய்ந்த துண்டு மிதந்தது. அதை எடுத்து இலையோரம் ஒதுக்கிவிட்டு, குழம்பை மட்டும் மூன்று தரம் கேட்டு வாங்கினார். பாக்கியம் என்னைப் பார்த்தாள், நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். அண்ணனைப் பற்றி நான் சிரித்தால் அவளுக்கு ஆகாது.

அந்த ஊரில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கடற்கரையில் பெரிய பெரிய மரக்கழிகளில் வலையைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, கல் தொங்கும் வடங்களைப் பிடித்து நாலைந்து பேராக இழுக்கிறார்கள். வலை மேலே வருகிறது, மீன் துள்ளுகிறது. சீனாக்காரர் வழி வந்த வலையாம். மச்சான் மணலில் நின்றபடியே கண் கொட்டாமல் பார்த்தார். கமலையில் மாட்டைப் பூட்டி வடம் இழுத்தே காலம் தள்ளியவர் அல்லவா. "கடலையே கமலை போட்டு எறைக்கிறாக" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேதக்கோயிலுக்குப் போனோம். கடலுக்கு அண்டையில், ஒரு மைதானத்தின் ஓரமாக, தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையுமாக நிற்கிறது. முதலில் போர்த்துக்கீசியர் கட்டியது, பிறகு ஹாலண்டுக்காரர் வசமானது, அப்புறம் இங்கிலீஷ்காரரிடம் வந்தது. அல்லிநகரத்தில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்கள். இங்கே பளபளவென்று மரப் பெஞ்சுகள். தலைக்கு மேலே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துணிப் பங்காக்கள் தொங்குகின்றன. அவற்றின் கயிறுகள் சுவரில் துளை வழியாக வெளியே போகின்றன. வெளியே ஆள் உட்கார்ந்து இழுத்தால் உள்ளே காற்று வரும்.

கயிறு என்றதும் மச்சான் வெளியே ஓடிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்ஞன் என்று ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் வாங்கி நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, உருளைக்கு எண்ணெய் போடவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

கோயிலைக் கவனித்துக்கொள்பவரை அங்கே கப்யார் என்கிறார்கள். வயதான மனுஷர், வர்கீஸ் என்று பேர். புதுசாக ஆள் வந்த சந்தோஷத்தில் சுவரெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். சுவர் முழுக்கப் பெரிய பெரிய கற்பலகைகள், கப்பலும் கேடயமும் மண்டையோடும் செதுக்கி, நமக்குத் தெரியாத எழுத்தில் ஏதேதோ எழுதி. இந்தப் பக்கம் ஹாலண்டுக்காரர்கள், அந்தப் பக்கம் போர்த்துக்கீசியர்கள் என்றார் கப்யார். இந்தக் கல்லெல்லாம் முன்பு தரையில்தான் இருந்ததாம். ஜனங்கள் மிதிக்கிறார்கள் என்று பெயர்த்துச் சுவரில் பதித்தார்களாம். நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எதுக்கு ஆளுக பேரைத் தரையில எழுதி வச்சாக?" என்று மச்சான் கேட்டார்.

"அவர்களை அங்கேதானே புதைத்தது" என்றார் கப்யார். அதையும் நான் சொல்லித் தொலைத்தேன்.

மச்சான் நின்றுவிட்டார். "கல்லை எடுத்துட்டாக. ஆளை?"

கேட்டுச் சொன்னேன். ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், எங்கே போவார்கள் என்றார் கப்யார். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டு வந்த பெரிய கப்பல் தலைவர் ஒருத்தரின் எலும்பை மட்டும் தோண்டிச் சொந்த தேசத்துக்குக் கொண்டுபோனார்களாம்.

"அப்ப நான் இப்ப யார் மேல நிக்கிறேன்?"

கப்யார் குனிந்து பார்த்தார். பெருமையாகச் சொன்னார்: "அது ஒரு கவர்னராக இருக்கும்."

மச்சான் விறுவிறுவென்று வெளியே போனவர், நாங்கள் தங்கியிருந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றடிக்குப் போய், கட்டின வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "பொணம் பொதைச்ச எடத்துல வச்சு என் ஆத்தாளுக்குத் தாலி கட்ட விடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்களுக்கு அதெல்லாம் தீட்டு இல்லை மச்சான்" என்றேன்.

"ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கே. சாவு வீட்டுக்குப் போனாலே முழுகிட்டுத்தான் வாசப்படி மிதிக்கிறோம். நீங்க மஞ்சளையும் பூவையும் சமாதிக்கே தூக்கிட்டுப் போங்கறீக."

சாமுவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓலை வாசித்தது அந்தக் கோயிலில், லீவு நாளை ஒரு நாள்தான், வேறே கோயிலுக்கு மாற்ற வழியில்லை. எஸ்தர் அதற்கு மேலே போனாள். "மாமா கைபிடிச்சுக் குடுக்காம எனக்குக் கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் ஒருவனே இரண்டு பேரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். யாரும் காது கொடுக்கவில்லை.

பாக்கியம்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணன் மேல கோவிக்காதீக. அண்ணன் கல்யாணத்தன்னிக்கு வண்டியை ஒரு தோப்புல நிப்பாட்டினாக. அப்பறந்தான் தெரிஞ்சுது, பக்கத்துல சுடுகாடுன்னு. குளிச்சிட்டுப் போகலாம்னு பெரியவுக சொன்னாக. முகூர்த்தம் தப்பிருமேன்னு அண்ணந்தான் வண்டியைப் பத்தச் சொல்லிருச்சு. மதினி வருசம் திரும்பறதுக்குள்ள பிரசவத்துல போயிட்டாக. ஒரு கொடம் தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருப்பாளோன்னு இன்னைக்கும் தனியா ஒக்காந்து சொல்லும்."

மதினி செத்தது எனக்குத் தெரியும். அப்புறம் அவர் வேறு பெண் பார்க்கவே இல்லை என்பதும் தெரியும். இது தெரியாது. பிள்ளைகுட்டி இல்லாத அந்த மனுஷருக்கு எஸ்தர் ஒருத்திதான் எல்லாம். அவள் தாலிக்கு ஒன்று வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. என் கோபம் போன இடம் தெரியவில்லை. கிணற்றடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் உலர்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவரே எழுந்து வந்தார். "மச்சான், அந்தக் கயிறு இழுக்கற எடம் கோயிலுக்கு வெளியதான?"

"வெளியேதான்."

"அப்ப ஆத்தாளை வாசப்படி வரைக்கும் நான் கூட்டியாறேன். உள்ள நீங்க கூட்டிப் போங்க. நான் சுவத்துக்கு அங்கிட்டு ஒக்காந்து காத்து வீசறேன். என்னால முடிஞ்சது அம்புட்டுத்தான்."

கைபிடித்துக் கொடுப்பதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். என் மகள் எதிர்த்துப் பேசினால் எனக்குப் பயம் கிடையாது, பேசாமல் தலையாட்டினால்தான் பயம். ஆனாலும் அப்போதைக்குத் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மச்சான் ஜரிகை போட்ட வேட்டியும் தலைப்பாகையுமாக, ஆத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தார். பார்த்தவர்கள் வழி விட்டார்கள். கோயில் வாசற்படியில் நின்றார். அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் சுவரோரமாகத் திரும்பி நடந்துவிட்டார்.

நாங்கள் உள்ளே போனோம். வெயில் காலம், உள்ளே புழுக்கம். பாதிரியார் தொடங்கினார். பங்காக்கள் மெல்ல அசைந்தன. அசைந்தன என்ன, அடுத்த நிமிஷம் பறக்கத் தொடங்கின. கமலை இழுத்த கையில்லையா. பாட்டுப் புஸ்தகங்களின் தாள் படபடத்தது. சாமுவேல் எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்த தலைமுடி கோழிக் கொண்டை போல எழும்பி நின்றது. மெழுகுவர்த்தி அணைந்தது, கப்யார் ஏற்றினார், மறுபடி அணைந்தது. பாதிரியார் ஒரு கையால் வேதபுஸ்தகத்தையும் ஒரு கையால் தம் அங்கியையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். முன் பெஞ்சில் இருந்த கம்பெனிக்காரர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குஞ்ஞனின் குரல் கேட்டது, "மெல்ல மெல்ல" என்று கெஞ்சுகிற மாதிரி.

சாமுவேலிடம் பாதிரியார் கேட்டார். சம்மதம் என்றார். எஸ்தர் பக்கம் திரும்பினார். "இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

எஸ்தர் பேசவில்லை.

காதில் விழவில்லையோ என்று பாதிரியார் இன்னொரு தரம் உரக்கக் கேட்டார். அவள் தலை குனிந்தபடி நின்றாள். சாமுவேல் என்னைப் பார்த்தார், நான் பாக்கியத்தைப் பார்த்தேன். இத்தனை தூரம் வந்து, இத்தனை பேருக்கு முன்னால் மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

பாதிரியார் மூன்றாம் தரம் கேட்டார். அப்போது தலைக்கு மேலே பங்காக்கள் ஒரே அடியாக நின்றன.

சுவர்த் துளை வழியே எல்லாம் வெளியே கேட்கும் போலிருக்கிறது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, மச்சான் வாசலில் தெரிந்தார். அடுத்த கணம் நடுப்பாதையில் ஓடி வந்தார். கவர்னரையும் மிதித்தார், கப்பல்காரர்களையும் மிதித்தார், எதையும் பார்க்கவில்லை. நேரே அவளிடம் வந்து, "என்ன ஆத்தா, என்ன செய்யுது? ஏன் பேச மாட்டேங்கற?" என்றார். மூச்சு வாங்கியது.

எஸ்தர் நிமிர்ந்தாள். "ஒண்ணும் செய்யல மாமா. நீங்க வரணும்னு நின்னேன். வந்துட்டீக." பிறகு பாதிரியாரிடம் திரும்பி, "சம்மதம்" என்றாள்.

அப்போதுதான் மச்சான் தம் காலடியைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. திரும்பி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதையும் யாரையும் தொடாமல், அவளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றார். பாதிரியார் தாலியை எடுத்து ஜெபம் பண்ணிக் கொடுத்தார், சாமுவேல் கட்டினார். காற்றே இல்லை. எல்லாருக்கும் வேர்வை வழிந்தது. மச்சான் கன்னத்தில் வழிந்தது வேர்வை மட்டும் இல்லை.

வெளியே வந்ததும் எல்லாரும் கை கொடுக்க வந்தார்கள். மச்சான் குறுக்கே நின்றார். "யாரும் தொடாதீக. முழுகாம ஒரு வாசப்படி மிதிக்கக்கூடாது, ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூடாது."

"வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறதே மச்சான்" என்றேன்.

"வீட்டுக்குள்ள நொழஞ்சுதான கொல்லைக்குப் போகணும்? நேத்துப் பதட்டத்துல நொழஞ்சுட்டேன், இன்னைக்கு மாட்டேன். அதோட இது தாலி சமாச்சாரம். கெணத்துத் தண்ணி ஆகாது. ஆத்துத் தண்ணி கணக்கா ஓடுற தண்ணி வேணும். ஒரு தரம் குளிக்காம போயித்தான் நான் பட்டது போதும்."

சுற்றிலும் பார்த்தார். ஆறு இல்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"இது ஓடுற தண்ணியா, மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடிக்கொண்டேதான் இருக்கிறது" என்றேன். வேறே என்ன சொல்ல?

நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம், பாதிரியார் உட்பட. கரையில் அலை வந்து தொடாத இடத்தில், கடலை முதன்முதலாகப் பார்த்த அன்று துண்டு விரித்த இடம் அது, அவர் கால் நின்றுவிட்டது. ஓர் அலை வந்தது. பின்னால் நகர்ந்தார். இன்னொன்று வந்தது. மறுபடி நகர்ந்தார். பாக்கியம் அழுதுவிட்டாள். "வேணாண்ணே, தலையில தெளிச்சுக்கிட்டாப் போதும்ணே" என்றாள். அவர் போதாது என்று தலையை ஆட்டினார்.

எஸ்தர் பூமாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். சந்தன நிறப் பட்டுச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். மாமன் அக்குளில் இடுக்கியிருந்த கையை வெளியே எடுத்துத் தன் கையில் பிடித்தாள்.

"நானும் அங்கனதான மாமா நின்னேன். எனக்குந்தான் தீட்டு. வாங்க, ரெண்டு பேருமாப் போவோம்."

"அக்கரை தெரியலையே ஆத்தா."

"இக்கரை தெரியுதுல்ல, அப்பா நிக்கிறாக பாருங்க. வாங்க."

அவள் முன்னால் போனாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேரையும் மூடிவிட்டது. நான் செருப்போடு தண்ணீருக்குள் ஓடிவிட்டேன், சாமுவேல் கோட்டோடு ஓடி வந்தார். அதற்குள் அலை போய்விட்டது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மச்சான் இருமினார், துப்பினார். பிறகு தாமாகவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவதும் போட்டார். அவள் கழுத்தில் கிடந்த தாலியின் மேல் ஒரு கை தண்ணீரை அள்ளி விட்டார்.

கரையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், என் கண்ணிலும் உப்புத் தண்ணீர்.

மச்சான் ஆத்தாளைக் கைபிடித்துக்கொண்டு கரையேறினார். ஜரிகை வேட்டி சொட்டச் சொட்ட, கோட்டு நனைந்து நின்ற சாமுவேலுக்கு முன்னால் வந்து நின்றார். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் கையை எடுத்து அவர் கையில் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து அழுத்தினார்.

"இந்தாங்க மாப்ளே, பிடிச்சுக்கங்க. இதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்" என்றார்.